பன்னிரண்டு அடுப்பு, ஒரு வார்ப்பு

ஓவர்சியர் கருணாகரன் குனிந்து, இரண்டாம் நம்பர் வீட்டு அடுப்புச் சாம்பலுக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். சாம்பல் சில்லென்று இருந்தது. விரலை அடுப்புத் திட்டிலேயே துடைத்துவிட்டு, கக்கத்தில் இடுக்கியிருந்த பச்சை அட்டை நோட்டை எடுத்து ஏதோ குறித்தார். பிறகு மூன்றாம் நம்பர். அங்கே அடுப்புக்குள் பூனை ஒன்று சுருண்டு படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. அவர் பூனையைப் பார்த்தார், பூனை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது, அதையும் அவர் குறித்துக்கொண்டார். பின்னாலேயே நடந்துவந்த சுகிர்தபாய்க்கு இதில் எந்தச் சந்தேகமும் தோன்றவில்லை. புது வீடு கட்டித் தருகிறவர்கள் பழைய வீட்டைப் பார்க்காமலா இருப்பார்கள்? பெண் பார்க்க வந்தவன் மாட்டுத் தொழுவத்தையும் எட்டிப் பார்ப்பது உள்ளதுதானே என்று நினைத்துக்கொண்டு, அவர் தலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு சாய்ப்பின் ஓலையையும் தூக்கிப் பிடித்தாள்.

நெய்யாற்றின்கரை டவுனில் சந்தைக்குப் பின்பக்கம் ஓடைக்கரையோரமாக இருந்தது மராமத்து லயன். ஒரே நீளச் சுவர், ஒரே ஓட்டுக்கூரை, நடுவில் பதினொரு தட்டி வைத்து மறித்த பன்னிரண்டு வீடு. தெற்கே போகிற பெருவழிக்கு சிமெண்ட் போட்ட காலத்தில், வேலைக்கு வந்த கூலிக்காரர்கள் இரண்டு வருஷம் தங்குவதற்கென்று சர்க்கார் கட்டியது. ரோடு முடிந்து இருபது வருஷம் ஆகியும் குழி அடைக்கவும் ஓடை வாரவும் ஆள் வேண்டியிருந்ததால் அவர்களும் அங்கேயே கிடந்தார்கள். ஒரு வீட்டில் இருமினால் நான்காவது வீட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் எத்தனை பாத்திரம் உண்டோ அத்தனையும் ஒழுக்குக்குக் கீழே போய்விடும், சோறு வைக்க ஒன்றும் மிஞ்சாது. வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பு இறக்கி, அதற்குள் மண் அடுப்பு போட்டிருந்தார்கள். இதை இடித்துவிட்டு நல்ல வீடு கட்டித் தாருங்கள் என்று மனு எழுதி, பன்னிரண்டு வீட்டுக்காரர்களின் கைநாட்டும் வாங்கி, ஐந்து தடவை ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தவன் சுகிர்தபாயின் புருஷன் ராஜையா. ஐந்தாவது மனுவுக்குப் பதில் வந்தது. அதே இடத்தில் இரண்டு அறையும் தனி அடுக்களையும் வைத்துப் புது வீடு. பதில் வந்த அன்று ராஜையா வீட்டில் இல்லை, ஜெயிலில் இருந்தான்.

கடைசியாகப் பன்னிரண்டாம் நம்பர், கிணற்றை ஒட்டிய சுகிர்தபாயின் சொந்தச் சாய்ப்பு. அங்கே மட்டும் அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. மூன்று பெரிய கல்லின்மேல், இரண்டு பக்கமும் வளையம் வைத்த வெண்கல வார்ப்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. உள்ளே கஞ்சி கொதித்தது.

"ஆகெ எத்ற அடுப்புண்டு இவிடெ?" என்று கேட்டார் கருணாகரன்.

"எரியுத அடுப்பா சாரே? ஒண்ணாக்கும்." சுகிர்தபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் பெருமை இருந்தது. "பன்னெண்டு வீட்டுக்கும் இந்த ஒரே அடுப்பு. ஆடி மாசம் தொட்டு இப்பிடித்தான். ஒரு வீட்டுல கஞ்சி இருந்து மத்த வீட்டுல இல்லாம இருக்கப்பிடாதில்லா?"

"கொள்ளாம்" என்றார் அவர், நல்லது என்கிற பாவனையில். எழுதினார். அடிக்கோடும் போட்டார்.

வாயைக் கொடுத்து வம்பை வாங்குவது என்றால் இதுதான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அந்த ஒரே அடுப்பின் கதையைச் சொல்ல வேண்டும். ஆடி மாதம், தமிழ் பேசும் தாலுக்காக்களை மலையாளப் பக்கத்தில் இருந்து பிரித்து மதராசோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களில் லயன் ஆண்கள் ஒன்பது பேர். பாறசாலையில் போலீஸ் மறித்தது. தெற்கே பல இடத்தில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டதாகவும் ஆள் செத்ததாகவும் செய்தி வந்து கொஞ்சநேரம் ஆகியிருக்கும், எல்லோருக்கும் தலைக்குமேல் சூடு. ஒன்பது பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூலியும் அன்றோடு நின்றது. முதல் வாரம் ஒவ்வொரு பெண்ணும் கதவைச் சாத்திக்கொண்டு, இருப்பதைக் காய்ச்சி, இல்லாததை மறைத்தாள். இரண்டாவது வாரம் எட்டாம் நம்பர் தங்கபாயின் பிள்ளை கிணற்றடியில் மயங்கி விழுந்தது. வாயைத் திறந்து பார்த்தபோது பச்சை மாங்கொட்டையைக் கடித்துத் தின்றிருந்தது.

அன்று சாயங்காலம் சுகிர்தபாய் ஒரு காரியம் செய்தாள். சபைக்காரப் பெண்களுக்குப் பிடியரிசி பழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அது சபைக் கோயிலுக்குப் போகும். அவள் தன் பிடியரிசிக் கலயத்தோடு வீடு வீடாகப் போனாள். "கர்த்தருக்கு அடுத்த மாசம் குடுக்கலாம், அவருக்கு வயிறு காயாது" என்றாள். சபை ஊழியர் காதில் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆனால் அந்த மனுஷரேதான் மறுநாள் வந்து, இந்த வருஷம் சபையில் அசன விருந்து இல்லை, ஆண்கள் ஜெயிலில் கிடக்கும்போது என்ன விருந்து, வார்ப்பு சும்மாதான் இருக்கிறது என்று ஆள்விட்டுச் சுமந்துகொண்டு வந்து இறக்கினார். இரண்டாம் நம்பர் சரசம்மா சபைக்காரி அல்ல, செங்கல் என்கிற ஊரில் உள்ள சிவன் கோயிலுக்குப் போகிறவள். அவளும் பிடி போட்டாள். ஒன்பதாம் நம்பர் ஓமனா மலையாளத்துக்காரி, அவள் புருஷன் மோகனன் ஆஸ்பத்திரியில் பியூன், ஊர்வலத்துக்கும் அவனுக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை, சம்பளமும் ஒழுங்காக வந்தது. அவள் தனியாகக் காய்ச்சிக் குடித்திருந்தால் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவள் முழு நாழி அரிசியைக் கொண்டுவந்து வார்ப்பில் தட்டிவிட்டு, மோகனனையும் வரிசையில் உட்கார வைத்தாள்.

பெண்கள் சல்லி உடைத்தார்கள், சந்தையைப் பெருக்கினார்கள், மணல் சுமந்தார்கள். கிடைத்தது எல்லாம் வார்ப்புக்குப் போனது. மரச்சீனிக் கிழங்கு கிடைத்த நாள் கிழங்கு, பயறு கிடைத்த நாள் பயறு. விஷயம் என்னவென்றால், அந்த நாலு மாதத்தில் ஒரு பிள்ளையும் கிணற்றடியில் விழவில்லை. ஆண்கள் இருந்தபோதுகூட லயனில் இப்படி ஒரு ஒழுங்கு இருந்ததில்லை என்று ஏழாம் நம்பர் ரெத்தினதாஸ் சொன்னான். ஒரு கால் சூம்பியவன், தையல் மெஷினை ஒற்றைக் காலால் மிதிக்கிறவன், லயனில் எழுத்து வாசிக்கத் தெரிந்த ஆம்பிளை அவன் ஒருத்தன்தான் வெளியே இருந்தான். சுகிர்தபாய் அதைக் கேட்டுச் சிரித்தாள், ஆனால் உள்ளுக்குள் அது உண்மை என்று பட்டது. அதனால்தான் ஓவர்சியர் கேட்டபோது அப்படிச் சொன்னாள். ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, ஊருக்குக் காட்ட வேண்டியது என்றுதான் தோன்றியது.

மார்கழியில் நோட்டீஸ் வந்தது. கிணற்றுத் தூணில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனான் ஒரு சேவகன். மலையாளத்தில் இருந்தது. ரெத்தினதாஸ் மெஷினை விட்டு எழுந்து, கம்பை ஊன்றி வந்து, ஒரு தடவை மனசுக்குள் வாசித்தான். பிறகு திரும்பிப் பார்த்தான். பெண்கள் எல்லோரும் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள்.

"என்னலே, எப்பம் இடிக்கினும் எண்ணு போட்டிருக்கு?" என்றாள் தங்கபாய்.

"இடிக்கியது தை கடைசில." அவன் தொண்டையைச் செருமினான். "லயன்ல குடியிருந்து தாமசமுள்ள குடும்பம் ஒண்ணு எண்ணு போட்டிருக்கு. பன்னெண்டாம் நம்பர். ராஜையா அண்ணனுக்க குடும்பம். மத்த பதினொண்ணும் ஆள் தாமசம் இல்லாத்தது. சாமான் வல்லதும் கிடந்தா பதினஞ்சு நாளுக்குள்ள எடுத்து மாத்தணுமாம்."

"ஆள் தாமசம் இல்லாத்ததா? அப்பம் நான் ஆரு, பேயா?" என்றாள் தங்கபாய்.

ரெத்தினதாஸ் கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். ஒரு அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு.

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சுகிர்தபாய்க்கு அது எளிதாக இருந்திருக்கும். எல்லோரும் நோட்டீசைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். சரசம்மா தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். பன்னிரண்டு வருஷமாக அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, ஒருத்திக்கு ஒருத்தி பத்தியக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள் இருவரும்.

"ஒரே அடுப்பு எண்ணு சொன்னது ஒனக்க வாய்" என்றாள் சரசம்மா, மெதுவாக. "வீடு கிட்டினதும் ஒனக்க பேருல. நான் ஒண்ணும் சொல்லேல்ல, கேட்டியா. இனி எனக்கும் பிள்ளியளுக்கும் நான் தனியா வச்சுக்கிடுதேன்."

"எடி சரசம்மா, நீ என்ன நெனச்சு இதச் சொல்லுக?"

"நெனக்கதுக்கு என்ன உண்டு? கடலாசுல இருக்கில்லா."

அன்று மத்தியானம் வார்ப்பில் கஞ்சி மிஞ்சியது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக மிஞ்சியது. சுகிர்தபாய் அதன் முன்னால் உட்கார்ந்து, கூசிக் குறுகிப்போனாள். திருடாதவள் திருட்டுச் சாமானோடு பிடிபட்டதுபோல் இருந்தது. தெருவில் நிற்கப்போவது ஐம்பது பேர், அவர்களுக்கு நடுவில் தான் மட்டும் புது ஓட்டின் கீழே இரண்டு அறையில் காலை நீட்டிப் படுப்பது. ராஜையா ஜெயிலில் இருந்து வந்து, "எங்கட்டி மத்தவிய?" என்று கேட்டால் என்ன சொல்வது? வெட்கம் ஒரு நாழிகை இருந்தது. பிறகு அது போய்க் கோபம் வந்தது. கோபம் வந்ததும் அவளுக்கு நிம்மதியாயிற்று, ஏனென்றால் கோபத்தை வைத்து ஏதாவது செய்யலாம். கூந்தலை முடிந்துகொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.

கருணாகரன் கெட்ட மனுஷர் அல்ல. கூலியில் கைவைக்கிறவர் என்று ஒருத்தரும் அவரைச் சொன்னதில்லை. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பதுபோல, சர்க்கார் கொடுத்ததை அவர் தன் நோட்டைத் தாண்டி இறங்க விடமாட்டார். மேஜைமேல் இருந்த தடித்த புத்தகத்தைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்து அவளுக்குக் காட்டினார். அவளுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது அவருக்கு நினைவில்லை.

"இது ஞான் உண்டாக்கிய சட்டமல்ல. ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். நிங்ஙள் தன்னெயல்லே பறஞ்ஞது?"

"நான்தான் சொன்னேன். பட்டினி கெடந்து ஒண்ணாட்டு காச்சினோம் எண்ணு சொன்னேன். பன்னெண்டு வீட்டுக்காரியும் ஒரு மாப்பிளைக்க பெஞ்சாதியள் எண்ணு சொன்னேனா?"

பக்கத்து மேஜைக் குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டான். கருணாகரன் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"சுகிர்தபாயீ, ஒரு காரியம் சோதிக்கட்டே? மதராசில் சேரணும் என்னல்லே நிங்ஙளுடெ ஆணுங்ஙள் பறயுன்னது? பின்னெ இவிடெ எந்தினா வீடு?"

மதராசோடு சேரப்போகிறவர்களுக்கு இங்கே எதற்கு வீடு என்கிற இந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். டீக்கடையில் கேட்டார்கள், சந்தையில் கேட்டார்கள், எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று ரெத்தினதாஸ்கூட ஒரு நாள் கேட்டான். அவளுக்கு எந்த சர்க்கார் வந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாது. ராஜையாவுக்குத் தெரியுமோ என்னவோ. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

"நாங்க எங்கயும் போகதுக்குக் கேக்கல்ல சாரே. நிக்கிய எடத்துல நிண்ணுகிட்டாக்கும் கேக்கோம். ரோடு எங்க போனாலும் அதுக்க குழிய அடைக்கியது நாங்கதான், இல்லியா?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். புது வீட்டை ஏற்றுக்கொள்கிறேன் என்கிற சம்மதத் தாள். ராஜையாவுக்குப் பதிலாக அவள் ஒப்புப் போட்டால் போதும், போட்டால் வீடு உறுதி, போடாவிட்டால் அந்த ஒரு வீடும் கைவிட்டுப் போகும் என்று தமிழும் மலையாளமுமாகக் கலந்து சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார், அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள், அவளுக்கு ஒப்புப் போடத் தெரியும். தாளை எடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள்.

"பன்னெண்டும் எழுதீற்று வாரும். அப்பம் ஒப்பு போட்டுத் தாறேன். இல்லேங்கி இந்தக் கடலாசும் அடுப்புலதான் போவும்."

எல்லா மனுஷருக்கும் தம் வேலையில் ஒரு ரோஷம் உண்டு. தன் கணக்கு தப்பு என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள் என்பது கருணாகரனைச் சுட்டது. நோட்டைப் புரட்டினார். "சரி. வெள்ளியாழ்ச்ச ராவிலெ ஞான் ஒந்நுகூடி வராம். அந்நு எத்ற அடுப்பு கத்துந்நோ, அத்ற வீடு. பின்னெ என்னெக் குற்றம் பறயருது" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை வீடு. அவ்வளவு போதும் அவளுக்கு. வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது, அதற்குள் அரிசி சேர்த்துப் பன்னிரண்டு சட்டிக்கும் பங்கு வைத்துவிடலாம்.

திரும்பி வந்து லயன் முற்றத்தில் நின்று, எல்லோரும் கேட்கும்படி சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். சரசம்மா வாசலுக்கு வராமல் உள்ளே நின்றே கேட்டாள். அவள் தனியாகக் காய்ச்சுகிறேன் என்று சொன்னாளே தவிர, காய்ச்ச அவளிடம் ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் பிள்ளைகள் மட்டும் தட்டோடு வார்ப்புக்கு வந்தன, சுகிர்தபாய் ஒன்றும் கேட்காமல் ஊற்றினாள். புதன்கிழமை சாயங்காலம் பாக்கி இருந்த அரிசி, மறுநாள் ஒரு நேரக் கஞ்சிக்குத்தான் காணும். வியாழக்கிழமை கூலி கிடைத்ததும் வெள்ளிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று பேசி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை என்று சொன்னவர் வியாழக்கிழமையே, பெண்கள் வேலைக்கு இறங்குவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

முதலில் பார்த்தவள் ஓமனா. சந்தை முக்கில் சுள்ளி பொறுக்கப் போனவள் கூடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஓவர்சியர் பெருவழியோரம் டீக்கடையில் இருக்கிறார், கூட ஒரு சேவகன், கையில் பச்சை நோட்டு, சாயா சொல்லியிருக்கிறார். மூச்சு வாங்கியதில் மலையாளமும் தமிழும் சேர்ந்து அவள் வாயில் கொட்டின. வேண்டுமென்றே ஒரு நாள் முந்தி வந்தாரா, வேறு ஜோலியாக இந்த வழி வந்தவர் அப்படியே எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தாரா, இன்றுவரை தெரியாது. பன்னிரண்டாம் நம்பரில் வார்ப்பு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளதெல்லாம் அதற்குள் இருந்தது. மற்ற பதினொரு அடுப்பிலும் சாம்பல், ஒன்றில் பூனை.

சுகிர்தபாய் அகப்பையோடு எழுந்து நின்றாள். ஒரு கிளாஸ் சாயா குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஊதிக் குடிக்கிற மனுஷராக இருந்தால் கொஞ்சம் கூட ஆகும். யாரைக் கூப்பிடுவது, எதை முதலில் சொல்வது என்று அவள் நினைப்பதற்குள், சாய்ப்பு வாசலில் நிழல் விழுந்தது. சரசம்மா நின்றாள். கையில் ஒரு காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பு.

"தீ தா" என்றாள்.

ஒருத்தி வீட்டு அடுப்பில் இருந்து இன்னொருத்தி தீ எடுத்துக்கொண்டு போவது லயனில் தினசரி வழக்கமாக இருந்த காரியம்தான். தீப்பெட்டி வாங்கக் காசு இருந்த நாளிலும் அப்படித்தான். ஐந்து மாதமாக அதற்கு அவசியம் வரவில்லை. சுகிர்தபாய் கொதும்பை வாங்கி வார்ப்புக்கடியில் நீட்டினாள். பற்றிக்கொண்டதும் கொடுத்தாள். சரசம்மா மற்றக் கையால் தீயை மறைத்துக்கொண்டு, சேலை தடுக்க ஓடினாள். அவள் பின்னால் தங்கபாய் தேங்காய்ச் சிரட்டையோடு வந்தாள், அவள் பின்னால் ஓமனா, அதன் பின்னால் வரிசையாகப் பெண்கள். விறகு இல்லாதவள் சாய்ப்பு ஓலையைப் பிய்த்தாள். ரெத்தினதாஸ் மெஷின் பலகையின் ஆடிக்கொண்டிருந்த காலை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டு, "இனி தரையில வச்சு தைக்கலாம்" என்றான். கிணற்றுத் தண்ணீர் குடம்குடமாகப் போனது. ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு சட்டி ஏறியது. மூன்றாம் நம்பர் பூனை கோபத்தோடு வெளியே வந்து முற்றத்தில் நின்று பார்த்தது.

கருணாகரன் குடையை மடக்கிக்கொண்டு லயன் வளைவில் திரும்பியபோது, பன்னிரண்டு சாய்ப்பின் ஓலை இடுக்கிலும் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அவர் அங்கேயே நின்றார். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பருக்குள் போனார். அடுப்பைப் பார்த்தார். எரிந்தது. வெளியே வரப்போனவர், என்ன தோன்றியதோ, சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர், இன்னும் குமிழிகூட விடவில்லை. இரண்டாம் நம்பர் சரசம்மாவின் சட்டியைத் திறந்தார். தண்ணீர். மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாம் நம்பர் வாசலில் வந்து நின்று பென்சிலைக் காதில் செருகினார்.

"இது வெறும் வெள்ளமாணல்லோ" என்றார்.

பெண்கள் எல்லோரும் அவரவர் சாய்ப்பு வாசலில் நின்றார்கள். சுகிர்தபாய் மட்டும் முற்றத்துக்கு இறங்கி வந்தாள்.

"சாரு வந்தது அடுப்பு எண்ணவா, அரிசி எண்ணவா?"

"அடுப்பு தன்னெ. எந்நால் அடுப்பில் பாகம் செய்யணும். வெள்ளம் திளப்பிச்சால் அதொரு அடுக்களை ஆகுமோ?" அவர் குரலை உயர்த்தவில்லை. "என்னெ மண்டனாக்கருது, சுகிர்தபாயீ. நாளெ ஆரெங்கிலும் சோதிச்சால் ஞான் எந்து பறயும்? கஞ்ஞியுள்ள சட்டி ஒந்நேயுள்ளூ. அப்போள் குடும்பம் ஒந்நு."

தன்னை மடையனாக்க வேண்டாம், கஞ்சி இருக்கிற சட்டி ஒன்றுதான் என்று அவர் சொன்னதற்குச் சேவகன் தலையாட்டினான். தங்கபாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சுகிர்தபாய் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் கருணாகரனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை, கணக்கு சரியாக வந்தால் போதும் என்கிற தவிப்புதான் இருந்தது. அதைப் பார்த்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கஞ்சி உள்ள சட்டியத்தான் எண்ணுவீரு. அப்பிடித்தானே?"

"அதெ."

"சத்தியமாட்டு?"

"ஞான் கள்ளம் பறயாறில்ல" என்றார் அவர், கொஞ்சம் கோபமாகவே.

"எட்டி ஓமனா, கம்பு எடு" என்றாள் சுகிர்தபாய்.

அசனத்தின்போது வார்ப்பை நெருப்பில் இருந்து இறக்க, இரண்டு வளையத்திலும் நீளக் கம்பைக் கோத்து, முன்னும் பின்னும் ஆள் தூக்குவது வழக்கம். ஆண்கள் தூக்குவது. சல்லி உடைத்துக் காய்த்த தோளில் சுகிர்தபாய் முன்பக்கத்தைத் தாங்கினாள், ஓமனா பின்பக்கம். வார்ப்பு நெருப்பை விட்டு எழுந்தது, ஆவி அவர்கள் தலைக்குமேல் பறந்தது. கருணாகரன் வழிவிட்டு ஒதுங்கினார். பதினொன்றாம் நம்பர் வாசலில் இறக்கினார்கள். சுகிர்தபாய் அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கி, சோறும் கஞ்சியுமாகக் கோரி, அந்தச் சட்டித் தண்ணீரில் ஊற்றினாள். மூன்று அகப்பை. பிறகு பத்தாம் நம்பர், அங்கே நாலு, ஏனென்றால் அங்கே பிள்ளைகள் ஆறு. ஒன்பதாம் நம்பரில் ஓமனா கம்பை விட்டுவிட்டுத் தன் சட்டி மூடியைத் தானே திறந்து பிடித்தாள். தங்கபாய் வாங்கும்போது அழுதாள், அவளுக்கு எதற்கெடுத்தாலும் கண்ணில் தண்ணீர் வரும். ரெத்தினதாஸ், "எனக்கு ஒண்ணு போதும் அக்கா, ஒத்த ஆளு" என்றான். சுகிர்தபாய் அவனுக்கும் இரண்டு ஊற்றினாள்.

 அகப்பை வார்ப்பில் உரசுகிற சத்தமும், அடுப்புகள் படபடக்கிற சத்தமும்தான் கேட்டன. போகப் போக வார்ப்பு எடை குறைந்தது, கம்பு தோளில் எழும்பியது. மூன்றாம் நம்பர் வரும்போது அகப்பை அடியைச் சுரண்டியது. சரசம்மா தன் வாசலில் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கிக்கொண்டுவந்து நீட்டினாள். சுகிர்தபாய் ஊற்றினாள்.

"ஒனக்கு?" என்றாள் சரசம்மா, வார்ப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு.

"நீ மூடியப் போடு, ஆறிப்போவும்."

ஒன்றாம் நம்பர் சட்டியில் வார்ப்பைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை வடித்தார்கள். பிறகு வெறும் வார்ப்பைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு வீட்டு முற்றத்தையும் கடந்து திரும்பி நடந்தார்கள், அது மணிபோல் ஆடியது. சுகிர்தபாய் அதைத் தன் அடுப்பில் ஏற்றினாள். ஒரு குடம் தண்ணீரை உள்ளே கவிழ்த்தாள். ரவிக்கைக்குள் இருந்து சம்மதத் தாளை எடுத்தாள். அது வேர்வையில் ஊறிப்போயிருந்தது. அடுப்பில் போடவில்லை, அடுப்புத் திட்டில் விரித்து, பறக்காமல் இருக்க அகப்பையை அதன்மேல் வைத்தாள். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து தீயை ஊதினாள். புகை கண்ணில் அடித்தது. வயிறு காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் ஆடி மாதத்துக்குப் பிறகு இத்தனை சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

"சாரே" என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். "பதினொண்ணுல கஞ்சி உண்டு. இந்த ஒண்ணுலதான் வெறும் வெள்ளம். இத வேணுமெங்கி வெட்டும். போயி மொதல்லேந்து எண்ணும்."

கருணாகரன் முற்றத்தின் நடுவில் நின்றார். சேவகன் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் நோட்டில் முன்பு அடிக்கோடு போட்டிருந்த பக்கத்தைத் திறந்தார், மூடினார், காதில் இருந்து பென்சிலை எடுத்தார். வடக்கே பெருவழியில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் ஒன்றாம் நம்பர் சாய்ப்புக்குள் குனிந்து நுழைந்து, சட்டியின் மூடியைத் தூக்கினார். ஆவி குப்பென்று எழும்பி அவர் கண்ணாடியில் படிந்தது. ஒன்றும் தெரியாமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றவர், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, நோட்டில் ‘ஒன்று’ என்று குறித்துக்கொண்டே வெளியே வந்தார். பக்கத்துச் சாய்ப்பில் சரசம்மா ஏற்கெனவே மூடியைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.